ராடு உடைஞ்ச டர்போ டீசல்: வேற இன்ஜின் போட்டவங்க உங்க கதையச் சொல்லுங்க

கோட்டையூர்க்காரன்

2014 ஸ்விஃப்ட் விடிஐ. 1,48,000 கிலோமீட்டர் ஓடின வண்டி. போன மாசம் அப்பத்தாவை திருச்சியில கண்ணுக்குக் காட்டிட்டுத் திரும்பும்போது, திருமயம் கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்துல டக் டக்னு ஒரு சத்தம். முன்னாடி உட்கார்ந்திருந்த அப்பச்சி, "என்னடா, இடியாப்ப உரலை உருட்டுற மாதிரி இருக்கு"ன்னாங்க. காரைக்குடி போய்ப் பார்த்துக்கலாம்னு மிதிச்சேன். அதுதான் நான் செஞ்ச கடைசித் தப்பு. முதல் தப்பைக் கீழே சொல்றேன். ரெண்டு நிமிஷத்துல டமார்னு ஒரு வெடி. கண்ணாடியில பார்த்தா ரோட்டுல கறுப்பா நீளமா ஆயில் கோடு. பானட்டைத் திறந்தா பிளாக் (இன்ஜினோட இரும்பு உடம்பு) ஓரத்துல எலுமிச்சம்பழம் போற அளவுக்கு ஓட்டை, அதுக்குள்ள பிஸ்டனை க்ராங்க்கோட இணைக்கிற கனெக்டிங் ராடு உடைஞ்சு தெரியுது.

ரெக்கவரி வேன்ல ஊர் வந்து சேர்ந்தோம். மெக்கானிக் அண்ணன் இன்ஜின் அடியில ஆயில் தேங்குற சம்ப்பைக் கழட்டி வடிச்சப்போ ஒரு லிட்டர் ஆயில்கூடத் தேறல. அப்புறம் டர்போ அனுப்புற காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸைக் கழட்டிக் கவிழ்த்தாரு. ஒரு டம்ளர் ஆயில் கொட்டுச்சு. டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற விசிறி) சீல் போய், ஆறு மாசமா கொஞ்சங்கொஞ்சமா ஆயிலை இன்ஜினே குடிச்சிருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது நீலமாப் புகை வந்ததைப் பார்த்திருக்கேன். பத்தாயிரத்துல மாத்த வேண்டிய ஆயிலைப் பதினஞ்சு வரைக்கும் இழுத்தது, நடுவுல ஒரு தடவைகூட டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காதது, அதுதான் முதல் தப்பு.

இப்போ என் முன்னாடி இருக்கிறது: கம்பெனியில புது இன்ஜின் 1,75,000 சொல்றாங்க, கூலி தனி. வண்டியே நல்லா இருந்தா மூணு லட்சம் போகும். பிளாக்ல ஓட்டை விழுந்துட்டதால பழசையே போர் போட்டு (சிலிண்டரைக் கடைஞ்சு) கட்டவும் வழியில்ல. பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கிப் போடலாம். இல்ல, அப்படியே தள்ளிவிட்டா 80,000 தரேன்னு ஒருத்தர் நிக்கிறாரு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கானாடுகாத்தான் விஸ்டா

தம்பி, உங்களுக்காவது ஒரு டமாரோட முடிஞ்சுது. எனக்கு நடந்தது வேற மாதிரி. இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட். அதுவும் உங்க வண்டியில இருக்கிற அதே 1248 சிசி ஃபியட் இன்ஜின்தான், பேரு மட்டும் வேற. டீக்கடை முன்னாடி வண்டிய நிறுத்திச் சாவிய உருவிட்டேன். இன்ஜின் நிக்கல. நிக்கலன்னா சும்மா இல்ல, ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே கத்திக்கிட்டு ஏறுது. தெரு முழுக்க வெள்ளைப் புகை. டர்போ வழியா ஆயில் உள்ள போய் அதையே டீசலாக் குடிச்சு ஓடுது, சாவியை உருவி என்ன பிரயோஜனம்? நான் கையில சாவிய வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தேன், வெக்கமா இருக்கு சொல்ல. டீ குடிச்சிட்டிருந்த லாரி டிரைவர் ஒருத்தர் ஓடி வந்து ஏறி, அஞ்சாவது கியரைப் போட்டு, பிரேக்கை இறுக்கி மிதிச்சு, கிளட்ச்சை டக்குனு விட்டாரு. ஒரு உலுக்கு, செத்துப்போச்சு. மேனுவல் கியர் வண்டி வச்சிருக்கவங்க இதை மனசுல வச்சுக்கங்க.

எனக்கு பிளாக் தப்பிச்சது. மதுரையில லேத்துல கொடுத்து போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், க்ராங்க் கிரைண்டிங், பேரிங், ஹெட் ஃபேஸிங் எல்லாம் செஞ்சு, ரீகண்டிஷன் டர்போவும் போட்டு 85,000 ஆச்சு. ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல அந்த டர்போவும் போச்சு. டர்போ கடைக்காரரைப் போய்த் திட்டினேன். அவரு பேசாம டர்போவுக்கு ஆயில் போற சின்னக் குழாயை எடுத்து வாயில வச்சு ஊதச் சொன்னாரு. ஊத முடியல. உள்ள பூரா கரி அடைச்சிருந்தது. இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பழைய குழாயையே போட்டிருக்கான் மெக்கானிக். டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அதைத் தாங்குறது ஆயில் படலம் ஒண்ணுதான்.

நீங்க எந்த இன்ஜின் போட்டாலும் சரி, அந்தக் குழாய் புதுசு. இன்டர்கூலரையும் ஹோஸையும் கழட்டி டீசல் ஊத்திக் குலுக்கிக் கழுவிக் காய வைங்க. உள்ள தேங்கின ஆயிலைப் புது இன்ஜின் உறிஞ்சினா என் டீக்கடைக் கூத்து உங்களுக்கும் நடக்கும்.

டீசல் வேண்டாம்

பேசாம பெட்ரோல் ஸ்விஃப்ட் இன்ஜினைத் தூக்கி வச்சிருங்களேன். மலிவாக் கிடைக்குது.

செக்காலை லேத்து

மேலே சொன்ன தம்பிக்கு: ஒயரிங், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), டேங்க், பம்ப், கியர்பாக்ஸ், மவுண்ட் எல்லாம் மாறும். ஆர்சியில் எரிபொருளையே மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு ஒரு பெட்ரோல் ஸ்விஃப்டே வாங்கிவிடலாம்.

கோட்டையூர்த் தம்பி, முப்பது வருஷமாக லேத்தில் நிற்கிறேன். பழைய இன்ஜின் வாங்கப் போகிறவர்கள் ரெண்டு வகை. விலையைக் கேட்கிறவன், ஸ்பேனரோடு போகிறவன். நம்ம ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் தூணோ பெட்டியோ எவ்வளவு பழசோ அவ்வளவு மதிப்பு. இன்ஜின் கடையில் எல்லாமே "அறுபதாயிரம்தான் ஓடினது". மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. எவ்வளவு புதுசு என்று சத்தியம் செய்தாலும் அதற்கு முந்தினதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

ஆயில் மூடியைத் திறந்து அடியில் விரலை விடுங்கள். பால் திரிந்தது போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். க்ராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டுக் கையால் ரெண்டு சுற்று சுற்றச் சொல்லுங்கள். சீராக இறுகி இறுகி விட வேண்டும், ஓரிடத்தில் கடகட என்றால் வேண்டாம். முக்கியமாக சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். உள்ளே துருவோ வண்டலோ இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் கொஞ்சமா? ஒரு ராடு பேரிங் கேப்பைத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறம் நல்லது. செம்பு தெரிந்தால் அந்த இன்ஜினும் உங்களுடையது போன வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

டர்போவை நம்ப வேண்டாம். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் துளி ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆட்டம் இருக்கவே கூடாது.

பள்ளத்தூர் மருமக

எல்லாரும் இன்ஜினைப் பத்திப் பேசுறீங்க, நான் காகிதத்தைப் பத்திச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. வண்டி இன்ஜின் போனப்போ முழுக்க நான்தான் அலைஞ்சேன். மெக்கானிக் பட்டறையில நான் கேக்குற கேள்விக்கு என் தம்பியப் பார்த்து பதில் சொல்லுவாரு, அது தனிக் கதை. பழைய இன்ஜின் போட்டோம், நல்லா ஓடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வண்டிய விக்கப் போனா வாங்க வந்தவர் பானட்டைத் திறந்து நம்பரைப் பார்த்தாரு. ஆர்சியில ஒண்ணு, இன்ஜின்ல ஒண்ணு. "இது திருட்டு வண்டியா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு அன்னைக்குச் சாப்பாடே இறங்கல.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு. இன்ஜின் மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிச்சு ஆர்சியைக் கொடுத்துப் பதிய வைக்கணும். அதுக்கு பில் வேணும். என்கிட்ட இருந்ததோ ஒரு துண்டுச் சீட்டு, "இஞ்சின் 1, காசு வந்தது"ன்னு. வித்த கடையைத் தேடிப் போனா அங்க இப்ப செல்போன் கவர் விக்கிறாங்க. கடைசியில சரி பண்ணினேன், ஆனா நாலு மாசம் ஆச்சு, மூணு தடவை வண்டிய ஓட்டிட்டுப் போய்க் காட்டினேன். இன்சூரன்ஸ்லயும் அந்த நம்பரை மாத்தணும், இல்லன்னா கிளெய்ம் வரும்போது அங்கேயும் இதே கேள்விதான்.

அதனால பில்லுல இன்ஜின் நம்பர் எழுதி, சீல் வச்சு வாங்குங்க. அந்த நம்பரையும் பிளாக்ல பொறிச்சிருக்கிறதையும் நீங்களே கண்ணால ஒத்துப் பாருங்க. நம்பரைச் சுரண்டின மாதிரி தெரிஞ்சா தொடவே தொடாதீங்க.

தேவகோட்டை

நான் அப்படியே தள்ளிவிட்டேன், 70,000க்கு. நிம்மதி. ஆனா ஒவ்வொரு தடவை பஸ்ஸுக்கு நிக்கும்போதும் அந்த வண்டி நெனப்பு வருது.

கோட்டையூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு மாசமாப் பதில் போடல, வேலை நடந்துக்கிட்டு இருந்தது.

சென்னையில பழைய வண்டி சாமான் விக்கிற புதுப்பேட்டைக்கே போயிட்டேன், மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கிட்டு. ராத்திரி பஸ், காலையில இட்லி, நேரா கடை. முதல் கடையில எர்டிகா இன்ஜின் ஒண்ணு காட்டினாங்க. "அதே 1.3 தான் சார், இன்னும் பவர் ஜாஸ்தி"ன்னாங்க. உண்மைதான், எர்டிகா 90 பிஎஸ், ஸ்விஃப்ட் 75. ஆனா அதுல இருக்கிறது விஜிடி டர்போ, அதாவது உள்ள இருக்கிற இதழ் வேகத்துக்குத் தக்க அசையுற வகை, என் வண்டி ஈசியூவுக்கு அதை ஆட்டி வைக்கத் தெரியாது. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ரெண்டாவது கடையில "டெல்லி வண்டி"ன்னாங்க. அங்க 10 வருஷம் ஆன டீசலுக்குத் தடை வந்ததுலேர்ந்து இந்தப் பேரு ஒரு தங்க முத்திரை மாதிரி ஆயிடுச்சு. சம்ப் கழட்டச் சொன்னதும் முதலாளி சாப்பிடப் போயிட்டாரு. மூணாவது கடையில ஒரு வயசானவர், "தாராளமாக் கழட்டுங்க, கேஸ்கெட் காசு மட்டும் கொடுத்துருங்க"ன்னாரு. லேத்து ஐயா சொன்ன மாதிரியே பேரிங் கேப்பைத் திறந்தோம், சாம்பல். கையால சுத்தினோம், சீரா விட்டுச்சு. 62,000. பில்லுல நம்பர் எழுதி வாங்கினேன், பள்ளத்தூர் அக்காவுக்கு ஒரு கும்பிடு.

62,000ல வேலை முடிஞ்சதுன்னு யாரும் நினைச்சிராதீங்க. லாரியில ஏத்தி அனுப்ப 3,500. என் டர்போவையே ரீகண்டிஷன் பண்ண 14,000. கியர்பாக்ஸ் எப்படியும் கீழ இறங்கியிருக்கே, கிளட்ச் செட் 7,500. டைமிங் செயின் கிட் 6,500. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், மவுண்ட், ஆயில், கூலன்ட், அந்தச் சின்னக் குழாய் எல்லாம் சேர்த்து 11,500. கூலி 16,000. மொத்தம் 1,21,000. பாதிதான் இன்ஜின். என் பழைய இன்ஜெக்டர் நாலையும் பெஞ்சுல வச்சு டெஸ்ட் பண்ணினோம், நல்லா இருந்தது, அதையே மாட்டினோம். இன்ஜினோட வந்ததைப் போட்டிருந்தா ஒவ்வொண்ணு தலையில இருக்கிற கோட் நம்பரையும் ஸ்கேனர்ல ஏத்தணும்.

செயின் கிட்டுக்கு அப்பச்சி சண்டை போட்டாங்க, "நல்லா இருக்கிறதை ஏன்டா கழட்டுற"ன்னு. நான் விடல. இன்ஜின் வெளிய இருக்கும்போது மாத்தினா ஒரு மணி நேர வேலை, உள்ள போனப்புறம் ஒரு நாள் வேலை.

முதல் ஸ்டார்ட் எடுக்கும்போது அண்ணன் டர்போ ஆயில் வாயில சிரிஞ்ச்ல ஆயில் விட்டாரு. அப்புறம் டீசல் போகாம பண்ணிட்டு, மீட்டர்ல ஆயில் லைட் அணையுற வரைக்கும் சும்மா ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுத்தினாரு. அதுக்கு அப்புறம்தான் உயிர் கொடுத்தது. பட்டறையில எல்லாரும் சைலன்சரையே பார்த்துக்கிட்டு நின்னோம். கொஞ்ச நேரம் புகை, அப்புறம் சுத்தம்.

கானாடுகாத்தான் விஸ்டா

ஆர்சி பண்ணியாச்சா?

கோட்டையூர்க்காரன்

பத்தாவது நாளே எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணே. இப்போ 2,300 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அப்பச்சி எனக்கு முன்னாடி எந்திரிச்சு, பழைய வேட்டித் துணியோட டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துட்டு, எவ்வளவு இருக்குன்னு சமையக்கட்டு வரைக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்றாங்க. பழைய பிளாக்கை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டேன், உடைஞ்ச ராடு மட்டும் முகப்புத் திண்ணையில கிடக்கு.

செக்காலை லேத்து

அந்த ராடை ஒரு நாள் கொண்டுவாருங்கள் தம்பி, பட்டறைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.