புதுப்பிப்பு: 30 விதைகளில் 24 முளைத்தால் 90% என்பதை மறுக்கலாமா?

உதவிய எல்லோருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காகக் கேள்வியை மீண்டும் சொல்கிறேன். முளைப்புத்திறன் 90% என்று அச்சிட்ட பொட்டலத்திலிருந்து 30 வெண்டை விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன், 24 முளைத்தன. உண்மைத் திறன் 90 சதவீதத்துக்கும் குறைவு என்று 5% மட்டத்தில் (90% உண்மையாக இருந்தும் அதைத் தவறாக மறுக்கும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டாதபடி) சொல்லலாமா?

இசட் சோதனையில் (கிடைத்த விகிதம் 90 சதவீதத்திலிருந்து எத்தனை திட்டப்பிழை விலகியிருக்கிறது என்று பார்ப்பது) −1.83, பி-மதிப்பு (90% உண்மையென்றால் 24 அல்லது அதற்கும் குறைவாக முளைக்கும் நிகழ்தகவு) 0.034, அதாவது 0.05-க்கும் குறைவு. மறுக்கலாம் என்றே தோன்றும். “முளைக்காதவை எத்தனை எதிர்பார்க்கிறீர்கள் என்று பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார்; அதுதான் கைகொடுத்தது. 30 × 0.1, வெறும் 3. குறைந்தது 5 (சில நூல்களில் 10) இருந்தால்தான் இசட் சோதனை தோராயமாகப் பயன்படுத்தும் இயல்நிலைப் பரவலை (மணி வடிவ வளைகோட்டை) நம்பலாம். அவர் சொன்னபடியே, முளைக்கும்/முளைக்காது என்ற இரண்டே முடிவுகளுக்குத் துல்லியமான நிகழ்தகவு தரும் ஈருறுப்புப் பரவலில், 6 அல்லது அதற்கு மேற்பட்டவை முளைக்காமல் போகும் நிகழ்தகவுகளைக் கூட்டினேன்: 0.073. முடிவே மாறிவிட்டது! மறுக்கச் சான்று போதவில்லை. அதனால் 90% நிரூபணமாகிவிட்டது என்றும் ஆகாது.

எதிர்பாராதது: தொடர்ச்சித் திருத்தம் (முழு எண்ணிக்கையைத் தொடர்ச்சியான வளைகோட்டோடு பொருத்த 24-ஐ 24.5 ஆக எடுப்பது) சேர்த்ததும் இசட் சோதனையே 0.064 தந்தது. இவ்வளவு நெருங்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு குறிப்பு: இசட் கணக்கின் திட்டப்பிழையில் (மாதிரிக்கு மாதிரி விகிதம் எவ்வளவு மாறும் என்பதன் அளவு) கிடைத்த விகிதமான 0.8 அல்ல, கருதுகோளின் 0.9 தான் வர வேண்டும். அடுத்து, விதைப் பரிசோதனை நிலையங்களின் வழக்கப்படி 400 விதைகள். அதிலும் 80% முளைத்தால் இசட் −6.67.