காமெட்டை வீழ்த்தியது ஜன்னலா? பொன்மலை அவர்களுக்கு ஒரு பதில்

சோதனைக்கூடம்:
உலகின் முதல் ஜெட் பயணி விமானமான பிரிட்டனின் காமெட் பற்றி, விமானப் படங்கள் திரியில் நேற்று பொன்மலை எழுதியது இது: //1954இல் காமெட் விமானங்கள் வானத்திலேயே உடைந்ததற்கு ஒரே காரணம் சதுர ஜன்னல். மூலை வைத்தால் கிழியும் என்பது எங்கள் ரயில்வே பட்டறையில் நேற்றுச் சேர்ந்த ஃபிட்டருக்குக்கூடத் தெரியும். வெள்ளைக்காரனுக்குத் தெரியவில்லை.// அதற்கு 41 விருப்பம் வேறு.

இருபத்தாறு வருடம் உலோகத்தை இழுத்தும் வளைத்தும் உடைத்தும் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். இதைப் படித்ததும் காப்பி இறங்கவில்லை.

ஒன்று, காமெட் ஜன்னல் சதுரமே இல்லை. மூலைகளை வளைத்துத்தான் வெட்டியிருந்தார்கள். இரண்டு, அன்று தோற்றது ஜன்னல் இல்லை, சோதனை. காமெட்டைக் கட்டிய டி ஹாவிலண்ட் கம்பெனி ஒரு முன்பகுதி கேபினை முதலில், பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு ஊதிப் பார்த்தது. தாங்கியது. பிறகு அதே துண்டைக் களைப்புச் சோதனைக்கும் வைத்தது, அதாவது சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கி எப்போது விரிசல் விழும் என்று பார்ப்பது. ஒரு பயணத்துக்கு ஒரு ஊதல் என்று கணக்கு. 16,000 தடவை ஊதி இறக்கியும் தாங்கியது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். ஆனால் எல்பா தீவுக்கு அருகே 1954 ஜனவரி 10 அன்று உடைந்த விமானம் பறந்தது 1,290 தடவை. ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் பக்கம் கடலில் விழுந்த விமானம் பறந்தது வெறும் 900 தடவை. 16,000 எங்கே, 900 எங்கே?

பொன்மலை:
வணக்கம் ஐயா. தனித் திரியே தொடங்கிவிட்டீர்கள், பெருமைதான்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: //மூலைகளை வளைத்துத்தான் வெட்டியிருந்தார்கள்.// மூலை இருந்தது என்று ஒத்துக்கொண்டீர்கள். வட்டத்துக்கு மூலை உண்டா? கிடையாது. முடிந்தது கதை.

ஜன்னலில் தப்பு இல்லையென்றால் காமெட் 4 வந்தபோது ஏன் வட்ட ஜன்னல் வைத்தார்கள்? அழகுக்கா?

சோதனைக்கூடம்:
தகட்டையும் தடிமனாக்கினார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பழைய தகடு 0.7 மில்லிமீட்டர். உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அதைவிடக் கனமாக இருக்கும். டக்ளஸ் டிசி-8 படம் பாருங்கள். பெரிய பெரிய செவ்வக ஜன்னல், மூலை வளைவு. வருடக்கணக்காகப் பறந்தது. திரும்பவும் சொல்கிறேன், காமெட் ஜன்னல் சதுரமே இல்லை.

பார்வையாளர் 73:
பாப்கார்ன் எடுத்து வைத்துவிட்டேன். போன தீபாவளிக்கு இதே இருவர் குக்கர் கேஸ்கட் திரியில் 14 பக்கம் ஓட்டினார்கள்.

பொன்மலை:
அந்தக் குக்கர் திரியிலும் கடைசியில் நான் சொன்னதுதான் சரி. அதை விடுங்கள்.

ஃபார்ன்பரோவில், பிரிட்டிஷ் அரசின் விமான ஆய்வு நிலையத்தில், ஒரு முழு காமெட்டையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி அழுத்தம் ஏற்றி ஏற்றி இறக்கினார்களே, அது எங்கே கிழிந்தது? ஜன்னல் மூலையில். சோதனைக்கூடம் ஐயா, நீங்கள் சோதனைக்கூடம். இந்தச் சோதனையை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

சோதனைக்கூடம்:
மறைக்கவில்லை. வரிசையாக வருகிறேன், அதற்குள் அவசரம்.

ஜி-ஏஎல்ஒய்யு என்ற பதிவெண் கொண்ட விமானம் அது. ஏற்கெனவே 1,221 தடவை பறந்தது. அதன் உடலைத் தொட்டிக்குள் வைத்து, இறக்கை இரண்டையும் ரப்பர் உறை போட்டு வெளியே நீட்டிவிட்டு, ஜாக்கி வைத்து இறக்கையை ஆட்டிக்கொண்டே உள்ளேயும் தண்ணீர் ஏற்றினார்கள். தண்ணீர் ஏன் தெரியுமா? காற்றை அடைத்து வெடித்தால் குண்டு மாதிரி சிதறும், எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. தண்ணீர் அமுங்காது. கிழிந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், கிழிசல் அப்படியே கைக்குக் கிடைக்கும். தொட்டியில் 1,836 சுற்று. கூட்டினால் 3,057. அப்போது கிழிந்தது, முன்பக்க அவசர வழியின் மூலையில்.

அது தொட்டி. எல்பா கடலடியில் இருந்து எடுத்த நிஜ விமானத்தில் விரிசல் ஆரம்பித்தது பயணிகள் ஜன்னலில் இல்லவே இல்லை! கூரை மேல் ஏ.டி.எஃப் என்ற திசை காட்டும் ரேடியோவின் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை அருகே, ஒரு துளை ஓரத்தில். அதன் வழியாக யாரும் மேகத்தை வேடிக்கை பார்க்கவில்லை.

பொன்மலை:
அந்தத் திறப்புக்கு விசாரணை அறிக்கையில் என்ன பெயர்? ஏ.டி.எஃப் *ஜன்னல்*. ஹாஹா.

சோதனைக்கூடம்:
பெயரில் ஜன்னல் என்று இருந்தால் ஜன்னலா? மீன்கொத்தி என்றால் மீனா?

தாம்பரம் தரைக்குழு:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் விமானத்துக்கு அடியில் நின்று வேலை பார்த்தவன், புத்தகம் இல்லை. எங்களுக்குச் சதுரமும் வட்டமும் ஒன்றுதான். துளை எங்கே இருக்கிறதோ அங்கே கண் போகும். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துவிட்டுக் காத்திருப்போம். விரிசல் இருந்தால் வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெதுவாகக் கசிந்து வரும். முதல் தடவை பார்த்தபோது அடிவயிறு கலங்கியது. வெறும் கண்ணுக்கு அந்த இடம் பளபளவென்று புதுசு.

1988 ஏப்ரல் 28, ஹவாய், அலோஹா ஏர்லைன்ஸ் 737. பறந்துகொண்டிருக்கும்போதே கூரை பிய்ந்து போனது. 89,680 தடவை ஏறி இறங்கிய விமானம். தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணம், அதனால் மணிக்கணக்கு குறைவு, சுற்றுக்கணக்கு ஏராளம். தகடும் தகடும் சேரும் ஒட்டில் பசை விட்டுப்போய், ரிவெட் வரிசை முழுக்கக் குட்டி விரிசல். ஏறும்போதே ஒரு பயணி கதவுப் பக்கம் விரிசலைப் பார்த்தாராம். யாரிடமும் சொல்லவில்லை. அதில் ஜன்னல் எங்கே வந்தது?

சோதனைக்கூடம்:
கேட்டீர்களா பொன்மலை? களத்தில் நின்றவர் சொல்கிறார்.

பொன்மலை:
அது போயிங். நான் பேசுவது காமெட். ஆள் சேர்க்காமல் பதில் சொல்லுங்கள்.

சொல்லாய்வு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உலோகத்துக்கு எப்படி ஐயா *களைப்பு* வரும்? களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். விரிசல் தீருமா? *அயர்வு* என்பதே சரி.

பார்வையாளர் 73:
அயர்வும் தூங்கி எழுந்தால் போய்விடுமே அக்கா.

சொல்லாய்வு:
உங்களுக்கு நான் அக்கா இல்லை. *சோர்வு* என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் களைப்பு கொச்சை.

சோதனைக்கூடம்:
எங்கள் ஆய்வகத்தில் ஃபெட்டீக் என்றுதான் சொன்னோம். உலோகம் கோபித்துக்கொள்ளவில்லை.

பொன்மலை:
அந்தக் களைப்பை முறையாக ஆராய்ந்ததே எங்கள் ரயில்காரர்கள்தான் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். 1842இல் வெர்சாய் பக்கம் எஞ்சின் அச்சு முறிந்து ரயில் கவிழ்ந்து எரிந்தது. அதற்கப்புறம் ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே எஞ்சினியர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எத்தனை சுற்றில் முறியும் என்று வருடக்கணக்காகச் சோதித்தார். இன்று நீங்கள் போடும் வரைபடமெல்லாம் அவர் போட்ட பிச்சை. விமானக்காரர்கள் எங்களைக் கேட்டிருக்கலாம்.

சோதனைக்கூடம்:
வோலரை நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர் பார்த்தது இரும்பு அச்சு. எஃகுக்கு ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே சுமை வைத்தால் காலம் முழுக்கச் சுற்றலாம். அலுமினியத்துக்கு அந்தக் கருணை கிடையாது. எவ்வளவு குறைவாக இழுத்தாலும் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும், என்றைக்காவது முறியும். பட்டறை ஃபிட்டருக்கு இது தெரியுமா?

பொன்மலை:
ஃபிட்டரை இழுக்காதீர்கள். என் அப்பா ஃபிட்டர்.

சோதனைக்கூடம்:
ஃபிட்டரை முதலில் இழுத்தது நீங்கள்தான். மேலே போய்ப் படியுங்கள்.

கார்பன் குமரன்:
பெரியவர்களே, அலுமினியக் காலம் முடிந்துவிட்டது. போயிங் 787இல் எடைக்குப் பாதி கார்பன் ஃபைபர் மாதிரி கலப்புப் பொருள்தான், ஜன்னலும் பெரிசு. கார்பன் ஃபைபருக்குக் களைப்பே கிடையாது. இன்னும் காமெட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

சோதனைக்கூடம்:
தம்பி, *களைப்பே கிடையாது* என்று பரீட்சையில் எழுதிவிடாதே. ரோல்ஸ் ராய்ஸ் ஆர்பி211 எஞ்சினுக்கு ஹைஃபில் என்ற கார்பன் ஃபைபரில் விசிறி இதழ் செய்தார்கள். இழுவையில் சிங்கம். பறவை மோதும் சோதனைக்காகச் செத்த கோழியைச் சுட்டார்கள், இதழ் நொறுங்கியது. திரும்ப டைட்டானியத்துக்குப் போனார்கள். செலவு எகிறி, 1971 பிப்ரவரியில் கம்பெனி திவாலாகி அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பொருள் நல்ல பொருள்தான். கோழியிடம் கேட்கும் முன்பே கல்யாணத்துக்கு நாள் குறித்ததுதான் தப்பு.

பார்வையாளர் 73:
கோழி உரித்ததா, தோலோடா?

சோதனைக்கூடம்:
இறகோடு.

சொல்லாய்வு:
இதற்குச் சிரிப்பு வேறு. உணவுப் பொருளை வீணாக்குவது அறிவியலா?

தாம்பரம் தரைக்குழு:
அம்மா, வானத்தில் பருந்து வந்து மோதும்போது உரித்துக்கொண்டா வரும்?

குமரா, கலப்புப் பொருளில் அடி பட்டால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரி நாணயத்தால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல இடம் டிங் என்னும், பிரிந்த இடம் டொக் என்னும். உங்கள் எதிர்காலம் எங்கள் காதை நம்பித்தான் இருக்கிறது. டைட்டானியமும் சாமி இல்லை. 1989இல் அமெரிக்காவில் நடந்த சூ சிட்டி விமான விபத்தில் எஞ்சினின் விசிறி வட்டை உடைந்தது, டைட்டானியம் உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட ஒரு கடினமான புள்ளியில் இருந்து. 112 உயிர்.

கார்பன் குமரன்:
நாணயத்தால் தட்டுவதா? ஒலி அலையால் உள்ளே பார்க்கும் அல்ட்ராசானிக் என்று ஒன்று வந்துவிட்டது அங்கிள்.

தாம்பரம் தரைக்குழு:
அங்கிள் என்று சொல்லாதே. அல்ட்ராசானிக் வந்தபோது அதை ஓட்டியதும் நான்தான்.

பொன்மலை:
கோழி, பானை எல்லாம் முடிந்ததா? ஜன்னலுக்கு வருவோம். டி ஹாவிலண்ட் துண்டு 16,000 தாங்கியது, நிஜ விமானம் 1,290இல் போனது, ஏன் என்று நீங்களே கேட்டீர்கள், பதில் மட்டும் வரவில்லை. பதில் தெரியுமா, இல்லை கேள்வி மட்டும்தானா?

சோதனைக்கூடம்:
இதைக் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். நிதானமாகப் படியுங்கள்.

களைப்புச் சோதனைக்கு வைத்த துண்டு கன்னித் துண்டு இல்லை. முன்பே இரண்டு மடங்கு அழுத்தம் பார்த்தது. அப்போது மூலைகளில் உலோகம் கொஞ்சம் நிரந்தரமாக இழுபட்டுவிட்டது. அழுத்தத்தை இறக்கியதும் சுற்றியுள்ள தகடு பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. இழுபட்ட மூலையோ நடுவில் மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் அமுக்கப்படுகிறது. அமுக்கத்தில் இருக்கும் இடத்தில் விரிசல் வாய் திறக்காது. வலிமை இருக்கிறதா என்று பார்க்கப் போய், தெரியாமலே அந்தத் துண்டுக்கு ஆயுளைக் கூட்டிவிட்டார்கள். கேள்வித்தாளை முதல்நாளே காட்டிவிட்டு மறுநாள் பரீட்சை வைத்த கதை. பயணிகளோடு பறந்த விமானங்கள் எதுவும் அந்த இரண்டு மடங்கு அழுத்தத்தைப் பார்க்கவில்லை.

இதை நான் கையால் பார்த்திருக்கிறேன். உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய அலுமினியத் துண்டு, நடுவே ஒரு துளை. ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு. ஒன்றை முதலில் ஒரு தடவை மட்டும் பலமாக இழுத்துவிட்டு மெஷினில் மாட்டினோம், இன்னொன்றை அப்படியே மாட்டினோம். அப்படியே மாட்டியது மதியச் சாப்பாட்டுக்குள் முறிந்தது. இழுத்தது மூன்றாம் நாளும் ஓடிக்கொண்டிருந்தது. முறிந்ததை லென்ஸில் பார்த்தால் துளை ஓரத்தில் இருந்து வரி வரியாக, மழைத்தண்ணீர் வடிந்த மணல் மாதிரி. கடைசி ஓரம் மட்டும் கரடுமுரடு. அது ஒரே நொடியில் பிய்ந்த இடம். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும்.

இப்போது சொல்லுங்கள், ஜன்னலா, சோதனையா?

கார்பன் குமரன்:
இது நன்றாக இருந்தது. சேமித்துக்கொண்டேன்.

பொன்மலை:
அருமையான விளக்கம் ஐயா. //அப்போது மூலைகளில் உலோகம்// என்று எழுதியிருக்கிறீர்கள். எதனுடைய மூலை? ஃபார்ன்பரோ கணக்கில் அந்த மூலையில் தகட்டின் முழு வலிமையில் ஏறக்குறைய 70 சதவீதச் சுமை ஏறியதாமே? எதனுடைய மூலையில்?

சோதனைக்கூடம்:
திறப்பின் மூலையில்.

பொன்மலை:
திறப்புக்குப் பெயர்?

சோதனைக்கூடம்:
உங்களுக்கு விளக்கியதற்கு அந்த 0.7 மில்லிமீட்டர் தகட்டுக்கே விளக்கியிருக்கலாம்.

தாம்பரம் தரைக்குழு:
நம் மண்ணில் விழுந்த காமெட்டை ஒருவரும் பேசவில்லையே. 1953 மே 2, கல்கத்தா டம்டமில் இருந்து கிளம்பிய சில நிமிடத்தில் புயலுக்குள் உடைந்தது. 43 பேர். காமெட் பயணிகளோடு பறக்க ஆரம்பித்து சரியாக ஒரு வருடம் நிறைந்த நாள் அது. இங்கே நடந்த விசாரணை புயல் காற்றின் சுமையில் கட்டமைப்பு உடைந்தது என்றது. அதையும் ஜன்னல் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொன்மலை:
எழுதினால் என்ன தப்பு?

சோதனைக்கூடம்:
பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். எது விழுந்தாலும் ஜன்னல். எல்பாவுக்குப் பிறகு அவர்களும் இப்படித்தான், காரணம் தெரியாமலே எதையெதையோ மாற்றிவிட்டு மார்ச் 23 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள். பதினாறாம் நாள் அடுத்தது விழுந்தது.

சொல்லாய்வு:
*ஜன்னல்* போர்த்துகீசியச் சொல். *சாளரம்* என்று எழுதலாமே?

பார்வையாளர் 73:
சதுரச் சாளரமா, வட்டச் சாளரமா அக்கா?

சொல்லாய்வு:
நிர்வாகிகளின் கவனத்துக்கு: இவர் இரண்டாவது தடவையாக என்னைச் சீண்டுகிறார்.

பொன்மலை:
என் பழைய பதிவில் விருப்பம் 58 ஆகிவிட்டது. மக்களுக்குத் தெரிகிறது.

சோதனைக்கூடம்:
விருப்பத்தை எண்ணி விமானம் கட்டுங்கள். நான் ரயிலில் போய்க்கொள்கிறேன். ஜன்னல் சதுரமே இல்லை.

பொன்மலை:
ரயிலில் ஏறினால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். அது எங்கள் ஆட்கள் வெட்டியது, 30 வருடம் நிற்கும்.

சோதனைக்கூடம்:
அந்த ஜன்னலும் மூலை வளைவுதான். போய் அளந்து பார்த்துவிட்டு வாருங்கள்.