மறு: பசுங்கணிகத்தைக் கவரும் கடல்நத்தை – கலைச்சொல் வேண்டுதல்

அன்புள்ள குழுவினருக்கு,

கடல்நத்தைகள் சில, பாசியின் பசுங்கணிகத்தை (ஒளிச்சேர்க்கை நடத்தும் பச்சை நுண்ணுறுப்பு, chloroplast) கவர்ந்து தம் உடலில் வைத்துக்கொள்ளும் செயலுக்குக் கலைச்சொல் கேட்டிருந்தீர்கள். பள்ளிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்பதால் முதலில் ஒரு திருத்தம். வரைவிலுள்ள ‘கடலட்டை’யை நீக்கிவிட வேண்டும், மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் அச்சொல் நட்சத்திர மீன் அடங்கிய முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்த வேறோர் உயிரியைக் குறிக்கிறது. ‘ஓடிலாக் கடல்நத்தை’ போதும்.

பெரும்பாலோர் ஆதரிக்கும் ‘பசுங்கணிகத் திருட்டு’ மாணவர்க்கு எளிதில் விளங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், பாசியின் உயிரணுவை ஒற்றைப் பல்வரிசையால் துளைத்துச் சாறு உறிஞ்சும் இவ்வகை நத்தைகளுள் பல, பசுங்கணிகங்களையும் உடனே செரித்துவிடுகின்றன. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் எலிசியா குளோரோடிக்கா போன்ற சிலவே, வௌச்சீரியா பாசியிலிருந்து எடுத்த கணிகங்களைத் தம் செரிமானச் சுரப்பியின் உயிரணுக்களுக்குள் மாதக்கணக்கில் காத்து வைக்கின்றன. எடுப்பதைவிட வைத்துக் காப்பதே இங்கே கருத்து. ‘திருட்டு’ அதனைச் சொல்லவில்லை.

தொல்காப்பியர் வெட்சித் திணையை (பகைவரின் ஆநிரை கவரும் போர் ஒழுக்கம்) களவில் ஆ தந்து ‘ஓம்பல்’ என்று வரையறுத்ததும், ஆகோளுக்கு (ஆநிரையைக் கைப்பற்றல்) பின் ‘நோயின்று உய்த்தல்’ (கவர்ந்தவற்றை வருத்தாமல் ஓட்டி வருதல்) என ஒரு துறை வைத்ததும் இதற்கு எவ்வளவு பொருந்துகின்றன! (கவர்ந்ததைப் பங்கிடும் பாதீட்டுத் துறைக்கு மட்டும் இடமில்லை, முட்டைகளுக்குக் கணிகம் செல்வதில்லை, ஒவ்வொரு தலைமுறையும் தானே கவர வேண்டும்.) ஆகவே, செயலுக்குக் ‘கணிகக் கவர்ந்தோம்பல்’ என்றும், கவரப்பட்ட உறுப்புக்குக் ‘கவர்கணிகம்’ என்றும் முன்மொழிகிறேன். பின்னது வினைத்தொகை, ஒற்று மிகாது.

கணிகத்தின் ஒளிச்சேர்க்கையால் நத்தை வாழ்கிறது எனப் பொருள்படும் ‘ஒளியுண்ணி நத்தை’ என்பதை ஏற்க இயலவில்லை. கணிகம் நீடித்து இயங்க உதவும் பாசியின் மரபணு ஒன்று நத்தைக்குத் தாவியதாக 2008இல் கூறப்பட்டது. 2013இல் முட்டைகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. வேறு இரண்டு இனங்கள் இருட்டில் வாரக்கணக்கில் பிழைத்திருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கணிகம் இவற்றுக்கு உணவாக்கும் அடுப்பா, உணவைச் சேமித்து வைக்கும் குதிரா என்ற வழக்கே தீராதபோது பெயருக்குள் தீர்ப்பைத் திணிப்பது முறையன்று.

ஈழத்து அன்பர், பசுங்கணிகத்துக்கு அங்கு வழங்கும் ‘பச்சையவுருமணி’யை வலியுறுத்துவதும் நியாயமே, கையேடு தமிழகப் பள்ளிகளுக்கு உரியதாதலால் கணிகமே இருக்கட்டும்.

நேரமில்லையெனில் பாடப்பகுதியில் ‘திருட்டு’ என்றே அச்சிடுங்கள். சொல்லடைவிலாவது ‘கவர்கணிகம்’ ஏற வேண்டும். அதுவும் இயலாதெனில் என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.