1850இல் தேத்தண்ணி குடித்தவர்கள்

சரித்திர நாவலை வாசித்து வரலாறு தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சோழ இளவரசர்கள் எந்த ஆற்றங்கரையில் குதிரையை நிறுத்தினார்கள் என்று நாவல்கள் படித்துச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து எந்த வழியாக இங்கே வந்தார்கள் என்றுதான் தெரியாது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரி இருந்தது: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார்; 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. பரீட்சைக்கு அது போதும்.

அப்புறம் கோப்பிக் காலத்து நாவல் ஒன்று கைக்கு வந்தது. அதில் ஒரு குடும்பம் மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடக்கிறது. வழியில் வாந்திபேதியில் ஆட்கள் சாகிறார்கள். பழம் பறித்து முடிந்ததும் மிச்சப்பட்டவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கோப்பிக்குச் சில மாதம்தான் நிறைய ஆள் வேண்டும். கோப்பிக்குப் பதிலாக வந்த தேயிலை அப்படியில்லை, வருஷம் முழுக்கக் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கிப்போனார்கள். இரண்டு வரிப் பாடத்துக்குள் என் பாட்டன் பூட்டன் கதை இருந்திருக்கிறது, எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

பிழையும் உண்டு. 1850இல் நடக்கிற கதை, ஆனால் விடிந்ததும் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள்! அம்மாயிக்கு வாசித்துக் காட்டியபோது, "தேயிலையே இல்லாத காலத்துல தேத்தண்ணி ஏதுடா?" என்று சிரித்தார். உண்மையில் அந்தப் பிழைதான் என்னை ஆண்டுகளைத் தேடிப் படிக்க வைத்தது.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்து நடந்தார்களே, நானும் தம்புள்ளைப் பக்கம் சேர்ந்துகொண்டேன். தார் ரோடு, வழியெங்கும் தண்ணீர், அப்படியும் கால் வீங்கிவிட்டது. நாவலில் படித்த நடையின் பாரம் அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது.

தோட்டத்துக்கு ஆள் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி விஷயத்தில் மட்டும் அந்த நாவலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. முழு வில்லனாக்கிவிட்டார்கள். ஆளைக் கடனில் கட்டிப்போட்டது உண்மை. கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். ஆனால் பல கங்காணிகள் அதே ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். மாமன் முறையில் இருப்பவனே கடன்காரனாகவும் நின்றால் வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும்? அதை யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், வாசிக்க வேண்டும்.