பருந்து, கூகை, வல்லூறு கூடு கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

என் அறை நான்காவது மாடியில். ஜன்னலுக்கு நேரே முப்பது அடி தள்ளி ஒரு பெரிய மரம், அதில் கிளைகள் பிரியும் கவட்டையில் ஒரு கரும்பருந்து ஜோடி கூடு கட்டியது. முதல் குச்சி வந்த நாளிலிருந்து குஞ்சு பறந்துபோன நாள் வரை, கிட்டத்தட்ட மூன்றரை மாதம், தினமும் காலையும் மாலையும் பார்த்திருக்கிறேன். இதை யாரிடமாவது முழுசாகச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றுவதால்தான் எழுதுகிறேன்.

கீழே விழுந்து கிடக்கும் குச்சியைப் பொறுக்கித்தான் கட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி மட்டும் இல்லை, காய்ந்த கிளையில் போய் உட்கார்ந்து, நுனியைக் காலால் இறுக்கிப் பிடித்து, இறக்கையை அடித்து முழு எடையையும் போட்டு ஒடிக்கிறது. ஒடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த கிளைக்குப் போகிறது. பத்து நாளில் குச்சி வேலை முடிந்து, அப்புறம் கந்தல் துணி, கயிறு, காகிதம், வெள்ளைப் பிளாஸ்டிக் பை எல்லாம் வர ஆரம்பித்தன. பாவம், நாம் போடும் குப்பை அதன் வீட்டுக்குள் போகிறதே என்று வருத்தப்பட்டேன். தேடிப் படித்த பிறகுதான் அது ஏதோ கிடைத்ததை அள்ளிவரும் வேலை இல்லை என்று புரிந்தது. ஸ்பெயினில் தோன்யானா என்ற இடத்தில் கரும்பருந்துகளைப் பல வருடம் கவனித்தவர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல வலுவான வயதில், அதாவது 7 முதல் 12 வயதுக்குள், இருக்கும் பருந்துகள்தான் கூட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக்கை அதிகம் பரப்புகின்றன. ‘இந்த இடம் எங்களுடையது, மோதினால் திருப்பி அடிப்போம்’ என்று மற்றப் பருந்துகளுக்குச் சொல்லும் அறிவிப்பு அது. வலுவில்லாத ஜோடியின் கூட்டில் ஆய்வாளர்களே பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய் வைத்தபோது, அவை அதை எடுத்து வெளியே போட்டுவிட்டனவாம். தன்னால் தாங்க முடியாத வீறாப்பை அவை காட்டுவதில்லை. இதைப் படித்த பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது.

கயிறும் நைலான் நூலும் மட்டும் எனக்கு இன்னும் பயம்தான். குஞ்சின் காலில் சுற்றி இறுகினால் அவ்வளவுதான்.

முட்டையை என்னால் பார்க்க முடியவில்லை, கூடு ஆழமாக இருந்தது. பெண் பறவை பெரும்பாலும் எழுந்திருக்கவே இல்லை, ஆண்தான் இரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது, இரண்டு நாள் கழித்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. முதல் முட்டை இட்ட உடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகளும் வரிசையாகத்தான் பொரிக்கும், மூத்ததற்கும் கடைசிக்கும் உடம்பில் அவ்வளவு வித்தியாசம் இருக்கும். இரை குறைந்த நாட்களில் மூத்தது கடைசிக் குஞ்சின் தலையில் கொத்திக்கொண்டே இருந்தது. தாய் அங்கேயே நின்றது, தடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு தலைதான் தெரிந்தன. இரை நிறைய இருந்தால் மூன்றும் பிழைக்கும், இல்லாவிட்டால் இரண்டு குஞ்சாவது நன்றாக வளரும் என்று காரணம் எனக்குத் தெரியும், ஆனாலும் அன்று வேலையே ஓடவில்லை.

அப்புறம் ஒரு தவறு செய்தேன். இன்னும் நன்றாகத் தெரியுமே என்று மொட்டை மாடிக்குப் போய்ச் சுவரோரம் நின்றேன். பின்னாலிருந்து வந்து தலையில் அடித்துவிட்டுப் போனது, சத்தமே இல்லை. நான்கு கீறல், ரத்தம், தடுப்பூசி. அடுத்த நாளே குடியிருப்பில் சிலர் கூட்டைக் கலைக்க ஆள் கூப்பிட வேண்டும் என்றார்கள். குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று வாரம்தான், அதுவரை மாடிக்கு வேறு படி வழியாகப் போவோம், போகும்போது குடை பிடிப்போம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசினேன். ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் யாருக்கும் அடி விழவில்லை. நான் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். இடத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

*

நண்பரே, மூன்றாவது குஞ்சைப் படித்ததும் எனக்குக் கூகைகள் ஞாபகம் வந்தன. பழைய கட்டிடம் ஒன்றின் பரணில் இரவெல்லாம் ‘புஸ்ஸ்’ என்று சத்தம், பாம்புதான் என்று எல்லோரும் முடிவு கட்டி யாருமே ஏறவில்லை. நான் ஏணி போட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தேன். ஐந்து கூகைக் குஞ்சுகள், மூத்தது கிட்டத்தட்ட தாய் அளவு, கடைசியது என் உள்ளங்கையில் அடங்கும், படிக்கட்டு மாதிரி வரிசையாக. எல்லாம் ஒரே நேரத்தில் உடம்பை ஆட்டிக்கொண்டு சீறின. கூடு என்று எதுவும் இல்லை. பல வருடமாக அவை துப்பிய உருண்டைகள், எலும்பும் எலிமயிரும் நொறுங்கி மெத்தை மாதிரி ஆகியிருந்ததே, அதன்மேல்தான் முட்டை இட்டிருக்கின்றன. நாற்றம் தாங்க முடியாது, அதை மறைக்க மாட்டேன்.

கொத்திக் கொல்வதற்கு நேர்மாறான விஷயம் ஒன்று இங்கே உண்டு. பெற்றோர் இரை தேடப் போயிருக்கும்போது கூகைக் குஞ்சுகள் தங்களுக்குள் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ரொம்பப் பசித்தது எதுவோ அது விடாமல் கத்தும், மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும், அடுத்த எலி கத்தியதற்குப் போகும். சுவிட்சர்லாந்தில் இதை நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். மூத்த குஞ்சு தன் பங்கைத் தம்பிக்குக் கொடுப்பதும் உண்டு. பரணுக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது, ஏன் ஒரே குரல் மட்டும் ஓயாமல் கேட்கிறது என்று யோசித்தேன்.

*

நான் செய்தது தவறு, யாராவது அதே தவறைச் செய்யாமல் இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். மரத்தடியில் ஒரு வல்லூற்றுக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் பழுப்புக் கோடு, தலையில் இன்னும் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு இறகு, பறக்கத் தெரியவில்லை, சுற்றிலும் காக்கைக் கூட்டம். விழுந்துவிட்டது என்று நினைத்து அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் பார்த்தேன், அது மூச்சுக்குழாய்க்குள் போனால் செத்தே போயிருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

காயம்பட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போனில் பேசினேன். காயம் இருக்கிறதா, இறக்கை தொங்குகிறதா, இறகு முளைத்திருக்கிறதா, விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறதா என்று கேட்டார். காயம் இல்லை, இறகு இருக்கிறது, பிடிப்பும் இருக்கிறது என்றேன். “அப்படியென்றால் நீங்கள் அதைக் காப்பாற்றவில்லை, தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்” என்றார். இந்த இனங்களின் குஞ்சுகள் பறக்கப் பழகுவதற்கு முன்பே கூட்டை விட்டுக் கிளைக்குக் கிளை தாவி இறங்கும், சில சமயம் தரைக்கும் வந்துவிடும், பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் உண்மை இல்லையாம்.

அதே மரத்தில் எட்டும் உயரத்தில் ஒரு கிளையில் விட்டுவிட்டு, தூரத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். வரவே வராது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஓர் ஓணானோடு தாய் வந்து இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

*

எல்லாமே உயரத்தில்தான் கட்டும் என்று நினைக்க வேண்டாம், பூனைப்பருந்துகள் தரையிலேயே, உயரமான புல்லுக்குள்ளோ பயிருக்குள்ளோ முட்டையிடும். ஐரோப்பாவில் கோதுமை அறுவடைக்குள் குஞ்சுகள் பறக்காவிட்டால் கூட்டைச் சுற்றி ஒரு சதுரத்தை மட்டும் அறுக்காமல் விட்டுவிடச் சொல்லி விவசாயிகளிடம் கேட்கிறார்கள், பலர் விடவும் செய்கிறார்கள்.

*

நான் உயரமான கட்டிடங்களின் பராமரிப்பில் இருப்பவன். இருபதாவது மாடிக்கு மேல் ஒரு விளிம்பில், மழைநீர் வடியும் இடத்தில், இரண்டு முட்டையைப் பார்த்தேன், செங்கல் நிறத்தில் புள்ளி புள்ளியாக. வெறும் சிமென்ட் தரை, ஒரு குச்சி கூட இல்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. பைரி, ஆங்கிலத்தில் பெரெக்ரின் ஃபால்கன். அந்தக் குடும்பத்துப் பறவைகள் குச்சி அடுக்கிக் கூடு கட்டுவதே இல்லை. பாறை இடுக்கில் மண்ணையோ சரளையையோ நெஞ்சாலும் காலாலும் கீறிச் சின்னக் குழி ஆக்கி அதில் இடும், இல்லாவிட்டால் காக்கை மாதிரி வேறு பறவை விட்டுப்போன கூட்டில் இடும். அதற்கு நம் கட்டிடமும் ஒரு பாறைதான். ஆனால் சிமென்டில் எப்படிக் குழி பறிக்கும்? ஒரு முட்டை சரிவில் உருண்டு ஓரத்தில் குளிர்ந்து கிடந்தது. இன்னொன்றும் பொரிக்கவில்லை.

வனத்துறையினரிடம் கேட்டோம். பறவைகள் இல்லாத மாதங்களில் ஓரம் உயர்த்திய மரத்தட்டு ஒன்றில் சரளையை நிரப்பி, தண்ணீர் தேங்காதபடி அடியில் ஓட்டை போட்டு வைத்தோம். அடுத்த பருவத்தில் அதிலேயே மூன்று முட்டை. முதல் நண்பர் சொன்னதற்கு மாறாக இங்கே குஞ்சுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, பைரி கடைசி முட்டைக்கு முந்தியதோ கடைசியோ இட்ட பிறகுதான் முழுதாக உட்காரும், அதனால் கிட்டத்தட்ட ஒன்றாகப் பொரித்துவிடும். ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கண்ணாடி துடைக்கும் வேலையை நிறுத்தி வைத்தோம். நிர்வாகத்தில் முணுமுணுத்தார்கள், ஆனால் மூன்றும் பறந்தன.

இந்தப் பறவைதான் டிடிடி பூச்சிமருந்துக் காலத்தில் பல நாடுகளில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. பூச்சிமருந்து தின்ற சிறு பறவைகளைத் தின்றுதின்று உடம்பில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, தாய் உட்கார்ந்தாலே நொறுங்கியது. பிரிட்டனில் 1967-ல் ஓடு மெலிந்ததை அளந்து காட்டினார்கள், அமெரிக்கா 1972-ல் தடை செய்தது. என் தட்டில் கிடந்த மூன்று முட்டையும் உடையாமல் இருந்ததைப் பார்த்தபோது இதுதான் மனதில் ஓடியது.

*

ஒரு சந்தேகம், ஒரு வேண்டுகோள். சந்தேகம்: போன வருடக் கூட்டுக்கே திரும்ப வருமா? வேண்டுகோள்: அடைகாக்கும் கூட்டுக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுத்துப் போடாதீர்கள். தாய் பதறி எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும், காக்கை வந்துவிடும். அப்படி ஒரு கூடு காலியானதை நேரில் பார்த்தேன், எடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது.

*

முதலில் எழுதியவன்தான். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன், ஓணானோடு வந்த தாயை மறக்க முடியாது.

திரும்ப வருமா என்று கேட்ட நண்பருக்கு: நிறைய இனங்கள் வரும். பழைய கூட்டின் மேலேயே புதிதாக அடுக்கும். ஃப்ளோரிடாவில் வெண்தலைக் கழுகு கூடு ஒன்றை 1963-ல் அளந்தபோது 2.9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், எடை இரண்டு டன்னுக்கு மேல். கிரீன்லாந்தில் ஜிர்ஃபால்கன் என்ற, பைரியின் உறவான பெரிய பறவைகள் இருக்கும் ஒரு பாறைத் திட்டில் எச்சத்தைக் காலக்கணிப்பு செய்து பார்த்தால், சுமார் 2,500 வருடமாக அதே இடத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. அதனால்தான் காலியான கூடு என்று மரத்தை வெட்டச் சொன்னால் நான் சண்டைக்குப் போகிறேன்.

என் ஜோடியும் வந்துவிட்டது. மழையில் பாதி சரிந்துபோன கூட்டின் மேல் மூன்று நாளாகப் புதுக் குச்சி விழுகிறது. இன்று காலை ஆண் காலில் எதையோ பிடித்துக்கொண்டு வந்தது, தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன், வெள்ளைப் பிளாஸ்டிக். மாடிப் படிக்கட்டில் அறிவிப்பு ஒட்டியாயிற்று, குடைகள் இரண்டைக் கதவோரமே தொங்கவிட்டிருக்கிறேன்.