சி புரோகிராமில் எண்ணை நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது, ஸ்கேன்எஃப் வைத்தால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வருகிறது. ஏன்?

குடியாத்தம் பையன்:
வீட்டில் லுங்கித் தறி. நூல் வாங்கக் கடன் வாங்கியிருக்கிறோம், மாதம் நூற்றுக்கு 2 வட்டி. வட்டிக்கு வட்டி போட்டால் எவ்வளவு ஆகும் என்று அப்பா கேட்டார். சி-யில் நாலு வரி எழுதினேன். அடுக்குக் கணக்கிடும் பவ்-வில், பவ்(1.02, 10) என்று எண்ணை அப்படியே போட்டேன். 10,000-க்கு 12,189.94 என்று சரியாக வந்தது. 'மாசத்தை மாத்திப் பார்க்கணும்' என்றார் அப்பா. ஸ்கேன்எஃப் போட்டு மாதத்தைக் கேட்டு வாங்கினேன். அவ்வளவுதான், 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பவ்' என்று நின்றுவிட்டது. கல்லூரியில் கேட்டால் ஹெடரைச் சரியாகப் போடு என்கிறார்கள். கணக்குக்கான ஹெடர் ஃபைல் மேத்.எச் மேலேயே இருக்கிறதே! உபுண்டு லினக்ஸ், ஜிசிசி கம்பைலர்.

காட்பாடி லோக்கல்:
கணக்கு லைப்ரரியைச் சேர்க்கச் சொல்லும் மைனஸ் எல்எம் சேர்த்துப் பாருங்க.

குடியாத்தம் பையன்:
ஜிசிசி-க்குப் பக்கத்திலேயே சேர்த்தேன். அதே பிழைதான்.

ஆம்பூர் பழைய கட்டிங் கை:
தம்பி, ஹெடர் மேல் குற்றமில்லை. நான் கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் இரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தேன். ஷூவின் மேல்பாகமான அப்பரை நாங்கள் தைப்போம், அடிப்பாகமான சோல் வேறு இடத்திலிருந்து வரும். எங்கள் கையில் இருந்தது ஒரு அட்டைதான்: இந்த நம்பர் சோல், இந்த அளவு. அதை நம்பி அப்பரை முடித்து அனுப்புவோம். மேத்.எச் அந்த அட்டை. 'பவ் என்று ஒன்று உண்டு, இரண்டு டபுள் (தசம எண்) வாங்கும், ஒரு டபுள் தரும்' என்று மட்டும் அதில் இருக்கிறது. கணக்குப் போடும் கோடு அதில் ஒரு வரிகூட இல்லை.

கம்பைலர் அந்த அட்டையை நம்பி உன் ஃபைலை முடித்துவிட்டது. நம்பிக்கை இல்லையென்றால் இப்படிச் செய்: ஜிசிசி மைனஸ் சி போட்டுக் கம்பைல் மட்டும் செய். பிழையே வராது, மெயின்.ஓ கிடைக்கும். அப்புறம் என்எம் மெயின்.ஓ என்று அடி, ஃபைலில் உள்ள பெயர்களை அது காட்டும். மெயின் பெயருக்கு முன்னால் 'டி' இருக்கும், அது இந்த ஃபைலிலேயே இருக்கிறது. பவ் பெயருக்கு முன்னால் 'யூ' இருக்கும், அன்டிஃபைன்ட். சோல் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடித்து ஒட்டுவது லிங்கர் வேலை. திட்டுவதும் லிங்கர்தான், பிழைச் செய்தியில் எல்டி என்ற அதன் பெயர் தெரியும் பார்.

சரி, எண் போட்டபோது எப்படி ஓடியது? 1.02-ம் 10-ம் கண்ணுக்கு நேரே இருந்ததால் ஜிசிசி தானே கணக்கைப் போட்டு விடையை எழுதிவிட்டது. பவ்-வைக் கூப்பிடவே இல்லை. பழைய புரோகிராமையும் என்எம்-ல் பார், 'யூ பவ்' வரியே இருக்காது. ஸ்கேன்எஃப் வைத்தால் மாதம் எத்தனை என்று அதற்கு எப்படித் தெரியும்?

மைனஸ் எல்எம் போட்டும் வராததற்குக் காரணம் இடம். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலிலேயே லைப்ரரியைக் காட்டினால், அந்த நேரத்தில் பவ் வேண்டுமென்று யாரும் கேட்டிருக்கவில்லை, அதனால் உபுண்டுவில் அதை ஒதுக்கிவிடும். ஜிசிசி மெயின்.சி மைனஸ் எல்எம், இந்த வரிசையில் அடி. எனக்கு இது புரிய ஒரு ராத்திரி முழுக்கப் போனது, உனக்குப் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

காட்பாடி லோக்கல்:
அண்ணா சொன்னது சரி. 'கடைசியில்' என்று நான் சொல்லாமல் விட்டுட்டேன், மன்னிக்கவும். ஜி பிளஸ் பிளஸ் என்றால் அதுவே எல்எம் சேர்த்துக்கொள்ளும். மேக்கிலும் இந்தத் தொல்லை கிடையாது. லினக்ஸில் சி எழுதுகிறவனுக்குத்தான் இந்தப் பாடு. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி-யில், 2021-ல் வந்த 2.34-ல் திரெட் லைப்ரரியை முக்கிய லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், கணக்கு லைப்ரரியை மட்டும் தனியாகவே விட்டுவிட்டார்கள்.

குடியாத்தம் பையன்:
ஓடிடுச்சு அண்ணா! என்எம் போட்டும் பார்த்தேன், பழையதில் 'யூ பிரின்ட்எஃப்' இருக்கிறது, பவ் இல்லவே இல்லை. 14 மாதத்துக்கு 13,194.79. அப்பா திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'வர்ற லோடு காசை மொதல்ல அவருக்குக் கட்டிடலாம்' என்றார்.