காம்போ டெக்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடற்குழு அன்பர்களே,

மின்னணுச் சீட்டாட்டம் ஒன்றின் தொடக்கநிலைக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். குறைந்த செலவில் காம்போ டெக் (சில சீட்டுகளைக் கையில் சேர்த்து, ஒரே முறையில் ஆடி வெல்லும் சீட்டுக்கட்டு) ஆடுவதைப் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பிலேயே நிற்கிறேன். 'மலிவுக் கூட்டுக் கட்டு' என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உதவுங்கள்.

* * *

> மலிவுக் கூட்டுக் கட்டு

'மலிவு' வேண்டாம், மட்டமானது என்று தொனிக்கிறது. 'சிக்கனம்' போதும். ஹார்த்ஸ்டோன் என்னும் மின்னணுச் சீட்டாட்டத்தில் ஒரு லெஜண்டரி சீட்டை, அதாவது மிக அரிய சீட்டை, உருவாக்க 1600 துகள் (ஆட்டத்துக்குள் செல்லும் நாணயம்) வேண்டும், சாதாரணச் சீட்டுக்கு 40. காம்போவின் வலிமை தனிச் சீட்டில் இல்லாததால்தான் துகள் இல்லாதவர்களும் அதை நாடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் ட்ரூயிட் என்னும் பாத்திரத்துக்கு இருந்த பழைய இணை நினைவிருக்கிறதா? ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர் சீட்டுக்கு அப்போது 400 துகள், சாவேஜ் ரோர் சீட்டு இலவசம். களம் காலியாக இருந்தாலும் 9 மானாவில் (சீட்டை ஆடச் செலவாகும் ஆற்றல்) எதிராளிக்கு 14 புள்ளி அடி விழும். 2016இல் முதல் சீட்டை மாற்றி அந்த இணையை முறித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

'கூட்டு' என்றால் இந்தத் திடீர் முடிவு தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை.

* * *

தெரியாததற்குக் காரணம், நாம் பாதிச் சொல்லோடு நின்றுவிட்டதுதான். முழுச் சொல் நன்னூலில் இருக்கிறது: கொண்டுகூட்டு. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளான எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று. பாட்டின் பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்துவந்து சேர்த்தால்தான் பொருள் விளங்கும். தனித்தனியே நின்றால் விளங்காது. முப்பது சீட்டில் சிதறிக் கிடப்பதைக் கையில் சேர்த்து ஒரே முறையில் ஆடுவதும் இதுவே அல்லவா? ஆகவே 'கொண்டுகூட்டுக் கட்டு'.

விற்பூட்டையும் எண்ணிப் பார்த்தேன். பாட்டின் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் வில்லின் இரு முனைபோல் பூட்டிக்கொள்வது. முதலில் வந்த சீட்டு, கடைசிச் சீட்டுக்காகக் கையில் காத்திருக்கும் ஆட்டத்துக்கு அதைவிட அழகான உவமை இல்லை.

* * *

ஐயா, அழகுதான். ஆனால் எதிராளியை எதையும் ஆடவிடாமல் முடக்கும் கட்டுகளை ஆட்டக்காரர்கள் 'லாக்' என்கிறார்கள். நாளை அதற்குப் 'பூட்டு' தேவைப்படும். இன்றே செலவழித்துவிட வேண்டாம்.

இன்னொன்று: சினர்ஜி வேறு, காம்போ வேறு. ஒன்றுக்கொன்று துணைநிற்கும் சீட்டுகள் சினர்ஜி. அவை தனியாகவும் பிழைக்கும். அதற்கு 'இயைபு' பொருந்தும். காம்போவின் பாதிகள் தனியே பெரும்பாலும் சுமைதான்.

* * *

இயைபு செய்யுளின் தொடைவகை ஆயிற்றே அம்மா! ஈற்றெழுத்து ஒன்றி வருவதை எடுத்துப் போர்க்களத்தில் வைக்கலாமா? அந்த வழியில் போனால் காம்போவுக்குப் 'புணர்ச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். நிலைமொழியும் வருமொழியும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது, இலக்கணம் பிசகாது. கையேட்டைப் படிக்கப்போவது பள்ளிப் பிள்ளைகள் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டும்.

போகட்டும். 'சீட்டுக்கட்டு' என்றால் மாதாமாதம் சீட்டுப் பணம் கட்டச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? நடுவில் வரும் 'க்' வேறுபடுத்திக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 'சீட்டு' வன்தொடர்க் குற்றியலுகரம், இரண்டு பொருளிலும் வல்லினம் மிகும். 'அட்டை' என்றால் இரத்தம் உறிஞ்சும். எதைப் பிடித்தாலும் ஒரு வம்பு.

* * *

நான் இந்த ஆட்டங்களை ஆடுகிறவன். யாரும் கேட்காததால் சொல்கிறேன். ஆடுகிற எவருக்கும் 'காம்போ' தெரியும். தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? பஸ்ஸும் டிக்கெட்டும் குறைத்துவிட்டனவா?

கையேட்டில் சொல்லைவிட முக்கியமானது கணக்கு. 30 சீட்டில் 15 சீட்டு கைக்கு வந்த நிலையில், வேண்டிய இரண்டு சீட்டும் ஒவ்வொரு படி (பிரதி) மட்டுமே இருந்தால் இரண்டும் வந்திருக்கும் வாய்ப்பு சுமார் 24 விழுக்காடு. இரண்டிரண்டு படி இருந்தால் 57. சிக்கனம் பார்ப்பவர் முதலில் செய்யும் தவறே இரண்டாவது படியைத் தவிர்ப்பதுதான். இணை கைக்கு வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பது அடுத்தது. விரைந்து அடிக்கும் கட்டுகளுக்கு எதிரே தடுப்புச் சீட்டு இல்லாமல் உட்கார்ந்தால், நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் தோல்விதான்.

* * *

> தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்

தம்பி, இன்று காம்போ, நாளை டெக், மறுநாள் மானா. கடைசியில் தமிழுக்கு மிஞ்சுவது வேற்றுமை உருபு மட்டும்.

* * *

அனைவருக்கும் நன்றி. நாற்பது மடல் வந்துவிட்டது, காலம் இல்லை. எண்ணிப் பார்த்ததில், இடையில் வந்த 'இணைவுக் கட்டு' என்பதை எதிர்க்காதவர்களே அதிகம். விரும்பியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. முதல் இடத்தில் 'காம்போ எனப்படும் இணைவுக் கட்டு' என்றும், பிறகு 'இணைவுக் கட்டு' என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். விழுக்காட்டுக் கணக்கைத் தனிப்பெட்டியில் சேர்த்தேன். அதற்குச் சொல்லே தேவைப்படவில்லை.

* * *

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். 'இணைவு' இரண்டு பாதை சந்திப்பதற்கும் பொருந்தும். காத்திருப்பு அதில் எங்கே? அடுத்த பதிப்பில் கொண்டுகூட்டைப் பரிசீலியுங்கள். 'கட்டு' பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. கலைத்து அடுக்கிய சீட்டை 'அடுக்கு' என்பதல்லவா முறை? தனி இழை தொடங்குகிறேன்.